ஊருக்குப் போய் நிலம் பார்த்த கதையைப் புத்தகமாக எழுதுகிறவர்களே, உங்களை உறுத்தும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டைக்காரன்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஊத்துக்கோட்டை பக்கம் 2 ஏக்கர் 15 செண்ட், 2018-ல் கிரையம். பட்டா மாற்ற அலைந்தது, வேலி போட்டது, முதல் சம்பாவைப் புகையான் பூச்சி தின்றுவிட்டுப் போனது, இதெல்லாம் இங்கே எல்லோரும் பட்டதுதான். மொத்தத்தையும் 14 அத்தியாயமாக எழுதி முடித்துவிட்டேன்.

அதில் எனக்கே ரொம்பப் பிடித்தது நான்காவது அத்தியாயம். ‘தண்ணீர் வந்த இரவு’. ஆழ்துளைக் கிணறு போட, போர் வண்டி சாயங்காலம் வந்தது. 90 அடி, 120 அடி, 150 அடி, ஒன்றுமில்லை. ராத்திரி 11 மணிக்கு 170 அடியில் சேறும் தண்ணீருமாகப் பீறிட்டது. என் மனைவி அந்தச் சேற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் அப்பிக்கொண்டாள். அதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது.

பக்கத்து நிலம் ஒரு பெரியம்மாவுடையது. 60 செண்ட். நாற்றைப் பறித்து முடி போடுவதிலிருந்து எது பயிர், எது களை என்பது வரை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். புத்தகத்தில் அவர் வராத அத்தியாயம் கிடையாது. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் போன சித்திரையில் புங்க மரத்தடியில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தபோது நானே வாசித்துக் காட்டினேன். மூன்று அத்தியாயம் வரை அவர் கை நிற்கவேயில்லை. தன்னைப் பற்றி வரும் இடங்களில் சிரித்தார். நான்காவது முடிந்ததும் கை நின்றது. ஒரு கடலைச் செடியை வேரோடு பிடித்தபடியே கேட்டார்:

“அதுக்கு அடுத்த வெயில் காலத்துல எங்க கெணறு வத்திச்சே, அது எங்க வருது தம்பி?”

கோபமில்லை. ரேஷன் கடை எப்போது திறப்பார்கள் என்று கேட்கிற குரல்தான். நான் தாளைப் புரட்டித் தேடுகிற மாதிரி நடித்து, “வரும் பெரியம்மா, அடுத்ததுல வரும்” என்றேன். எந்த அத்தியாயத்திலும் அது இல்லை. அவர் அந்தச் செடியின் மண்ணை உதறிவிட்டு மறுபடி ஆய ஆரம்பித்தார்.

2019-ல் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரி எல்லாமே வறண்டு கிடந்தன. அந்தக் கிணறும் அதோடு சேர்ந்து வற்றியது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் போருக்கும் அதற்கும் நடுவில் ஒரு வரப்பும் நாலு தென்னையும்தான். எனக்கு அது தோன்றவேயில்லை என்பதுதான் தூங்கவிடாமல் செய்கிறது. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.


கல்மண்டபம் அக்கா

அந்தப் பெரியம்மா கேட்டது சரி. எழுதுங்கள்.

என்னுடையது பதிப்பகத்தில் நடந்தது. பெரியபாளையம் தாண்டி 80 செண்ட். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, சம்பளம் வரும் வீடு. அதை நான் மறைக்கவில்லை. புத்தகத்தில் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்கக் கணக்குதான். 2021 சொர்ணவாரிப் பட்டத்துக்குப் பூங்கார் நெல் போட்டேன். விதை 1,500, உழவு 4,200, நடவு கூலி 5,600, இரண்டு களை 4,800, எருவும் சில்லறைச் செலவும் 3,100, அறுவடை மெஷின் 2,800. மொத்தம் 22,000. கிடைத்தது 13 மூட்டை. வீட்டுக்கு 4 வைத்துக்கொண்டு 9 மூட்டையை 1,700 மேனிக்குப் போட்டேன். வீட்டு நெல்லுக்கும் அதே விலை வைத்தால் மொத்த வரவு 22,100. நூறு ரூபாய் மிச்சம். விதைத்ததிலிருந்து மூட்டை கட்டுகிற வரை நான் சேற்றில் நின்றதற்குக் கூலியே போடவில்லை.

பதிப்பகத்தார் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி, “நல்லா எழுதியிருக்கீங்கம்மா” என்றார். ஒன்பதாம் அத்தியாயம் வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். “படிக்கிறவங்க சந்தோஷமா நாலு பக்கம் படிக்கணும்னு வாங்குறாங்க. இத எடுத்துடுங்க, புக்கு நல்லா போகும்.” அந்தக் கோடு ‘நடவு கூலி 5,600’ என்ற வரியின் மேலேயே போனது. அந்தக் கூலிக்கு வந்த ஏழு பெண்களின் முகமும் எனக்குத் தெரியும். அவர்களோடு வயலில் குனிந்து நின்று ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு வரப்பேறியவள் நான். அவர்கள் மத்தியானம் வரை நிமிரவில்லை.

எழுதிய தாள் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொந்தக் காசில் 200 பிரதி போட்டேன், அத்தியாயம் அப்படியே இருக்கிறது. வாங்கினவர்களில் மூன்று பேர் போன் செய்தார்கள். மூன்று பேருமே ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அதில் ஒருவர் நிலம் வாங்க முன்பணம் கொடுக்கப் போவதற்கு முதல் நாள் படித்தவர்.


திருவொற்றியூர் தேரடி

நான் புத்தகம் முடிக்கவில்லை. 2016 டிசம்பர் 12-க்கு மேல் பேனா நகரவில்லை. வர்தா புயல் அடித்த நாள். கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் தோப்பில் 22 மாமரம் சாய்ந்தது. ஒன்றிரண்டு வேர் முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடந்தது. இரண்டாம் நாளே விறகு வியாபாரி வந்துவிட்டார். கோடாலியைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்து விலை சொன்னார். அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. பச்சை மரத்துக்கு அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் தட்டிய மரங்களில் ஒன்று என் மகள் பிறந்த வருஷம் அப்பா வைத்த ஒட்டு மா. அதை மட்டும் கொடுக்கவில்லை, மக்கட்டும் என்று அங்கேயே விட்டேன். அவ்வளவுதான் என் கதை. மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறேன்.


மணலி ரிட்டயர்டு

முதல் பதிவு போட்ட தம்பிக்குச் சொல்கிறேன். தேவையில்லாமல் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். 2019 எல்லோரையும் காய வைத்த வருஷம். மேல்மட்டத்துக் கிணறும் 170 அடி போரும் ஒரே தண்ணீரைத்தான் எடுக்கின்றன என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நடுவில் களிமண் படலம் இருந்தால் ஒன்றையொன்று உடனே பாதிக்காது. மணலாக இருந்தால் பாதிக்கும். போர் போட்டபோது எந்த அடியில் என்ன மண் வந்தது என்று வண்டிக்காரர் சொல்லியிருப்பார், குறித்து வைத்தீர்களா? இல்லையென்றால் இப்போது ஒரு வழி இருக்கிறது. கயிற்றில் கல் கட்டி அந்தக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். மோட்டார் ஓடாத நாள் ஒரு அளவு, உங்கள் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு அளவு. நாலைந்து தடவை செய்தால் தெரிந்துவிடும்.

என் அனுபவம் சின்னது. மீஞ்சூர் பக்கம் 1 ஏக்கர் வாங்கினேன். பத்திரம் பதிந்த மறுநாள் எதிர்வீட்டு அம்மா வாசல் கூட்டிக்கொண்டே, “இந்தத் தண்ணில பருப்பு வேவாது சார், தெரியும்ல?” என்றார். தெரியாது. முதல் நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அங்கே ஏன் உப்பு என்றால், 1960-களின் கடைசியிலிருந்தே நம் சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் வரிசையாகக் கிணறு தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் இறைத்தார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் தண்ணீர் உள்ளே ஏறியது. 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டமே வந்தது. பட்டியலில் உள்ள கிராமங்களில் கிணறு தோண்டவே அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், புதிதாக வாங்குகிறவர்களுக்கு: வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். தாய்ப்பத்திரம் அசலைக் கண்ணால் பாருங்கள், நகல் வேண்டாம். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மூலைக் கல்லையும் நடந்து பாருங்கள். பாதை உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா, அல்லது பக்கத்துக்காரர் தயவில் போகிறீர்களா என்று கேளுங்கள். தண்ணீரை வெயில் காலத்தில் வாயில் ஊற்றிப் பாருங்கள், மழைக்காலத்தில் எல்லாத் தண்ணீரும் இனிக்கும். மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரு ஓரத்தில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். உரத்துக்கு ஜீவாமிர்தக் கரைசல் ஏக்கருக்கு 200 லிட்டர் போதும். 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. அதற்கு மேல் யாராவது பாட்டிலில் எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

வேலையை உடனே விடாதீர்கள். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் 1969-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டார் என்று எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் வேளாண்மை படித்தவர். நாம் ஷிப்ட் பார்த்தவர்கள்.

புத்தகம் போடுகிறவர்களுக்கு: ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசம், அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அட்டையில் சூரிய உதயம் வைக்காதீர்கள், எல்லாரும் வைத்துவிட்டார்கள். கடைசியாக ஒன்று. என்ன கஷ்டம் சொன்னாலும் நாம் எல்லோரும் தாத்தா காலத்து ஊருக்குத் திரும்பத்தான் வேண்டும். அந்த வாழ்க்கையில்தான் நிம்மதி இருந்தது.


அத்திப்பட்டு ஷிப்ட்

மணலி ஐயா, அந்தப் பருப்பு விஷயம் எங்கள் தெருவிலும் அப்படியே.

நான் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி உள்ளே போகிற ஊர். 30 செண்ட், அதில் பாதி கீரை. புத்தகத்தில், ‘விதை தூவி 25-ஆம் நாள் கட்டுக் கட்டாகக் கீரை, நகரத்தின் அவசரம் இனி எனக்கு இல்லை’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புத் தாளைத் தண்டையார்பேட்டையில் திருத்துகிறவரிடம் கொடுக்க விடிகாலை முதல் வண்டியில் போனேன். பெட்டி முழுக்கக் கீரைக்காரப் பெண்கள். வாழைநாரைப் பல்லில் கடித்து இழுத்து, இருட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். தினமும் இந்த வண்டிதானாம், 19 வருஷமாக.

இறங்கும்போது, “ஒரு கை குடு தம்பி” என்றார். கூடையைத் தூக்கிச் சும்மாட்டில் வைக்கப் போனேன். முதல் தடவை என்னால் தூக்க முடியவில்லை. தெளித்த தண்ணீரெல்லாம் கீரைக்குள் இறங்கிக் கல் மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை தூக்கியபோது கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகி என் அக்குளில் இருந்த தாள் கட்டை நனைத்தது. கூடை தலையில் ஏறிய நொடி அவர் கழுத்து நரம்பு இரண்டும் புடைத்து நின்றதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். “ஐயய்யோ, உன் புக்கு நனஞ்சிடுச்சே” என்று அவர்தான் வருத்தப்பட்டார். படிக்கட்டு இறங்கி ரோட்டுக்குப் போய்விட்டார்.

அவசரம் எனக்கு இல்லை என்று எழுதியிருந்த பக்கம் நனைந்து, காய்ந்து, இப்போது அலை அலையாக இருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.


பெரம்பூர் பட்டறை மகன்

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மணலி ஐயாவின் கடைசி வரி எழுத வைத்துவிட்டது.

ஐயா, தாத்தா காலத்து ஊரில் யாருக்கு நிம்மதி இருந்தது? என் அப்பா 1971-ல் 17 வயதில் ஊரை விட்டு வந்தார். ரயில்வே பட்டறையில் கலாசித் தொழிலாளியாகச் சேர்ந்து, வியாசர்பாடியில் ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்து எழுந்தவர். ஊரைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். எனக்குத்தான் ஆசை. இரண்டு வருஷம் முன்னால் அதே ஊரில் 40 செண்ட் வாங்கினேன். வாங்கும்போதே புத்தகம் எழுதும் எண்ணம். முன்னுரையை முதலிலேயே எழுதிவிட்டேன். எங்கள் வேரைத் தேடிப் போகிறோம் என்று ஆரம்பிக்கும்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நிலத்துக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்தோம். தெரு முனையில், பிள்ளையார் கோயிலுக்கு இப்பால், அப்பா நின்றார். குனிந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். கோயிலுக்காக இல்லை, அவர் கோயில் பக்கம் பார்க்கவேயில்லை. அவருக்கு எழுபது வயது. 52 வருஷம் பட்டணத்தில் இருந்தவர், யூனியன் கூட்டத்தில் மைக் பிடித்தவர். அவர் கை தானாகவே அதைச் செய்தது. நிமிர்ந்தபோது நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. செருப்பை மறுபடி கீழே போட்டு, ஒவ்வொரு காலாக மாட்டிக்கொண்டு, தெரு நடுவில் நடந்தார். நான் பின்னால் போனேன். அந்தத் தெரு 200 அடிகூட இருக்காது.

வீட்டுக்கு வந்து முன்னுரையைக் கிழித்துவிட்டேன். நாங்கள் தேடிப் போன வேர் அது இல்லை. நிலத்தை விற்கவில்லை. உளுந்து போட்டிருக்கிறேன், அப்பா மாதம் ஒரு தடவை வருகிறார், இப்போது செருப்போடுதான்.

இன்னொன்று ஐயா. இவ்வளவு பத்திர யோசனை சொன்ன நீங்கள், பஞ்சமி நிலமா என்று பார்க்கச் சொல்லவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் எங்கள் தலித் மக்களின் நிலைமையை அறிக்கையாகக் கொடுத்து, 1892-ல் அரசு ஒதுக்கிய நிலம் அது. மற்றவர்களுக்கு விற்க முடியாது என்று நிபந்தனையோடு கொடுத்தது. அது எப்படியெல்லாம் கை மாறியது என்று இந்தப் பக்கத்து ஊர்களில் கேட்டுப் பாருங்கள். பட்டணத்திலிருந்து போய் அமைதியாக ஒரு ஏக்கர் வாங்கி, அமைதியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள், அந்த ஏக்கர் 100 வருஷம் முன்னால் யார் பெயரில் இருந்தது என்பதையும் ஒரு பக்கம் எழுத வேண்டும். இதை உங்களிடம் சண்டைக்காகச் சொல்லவில்லை.


மணலி ரிட்டயர்டு

தம்பி, அந்த வரியை நான் யோசிக்காமல் எழுதினேன். என் தாத்தாவுக்கு நிம்மதி இருந்தது, அதை எல்லோருடைய தாத்தாவுக்கும் வைத்துவிட்டேன். உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நிலம் பற்றி: கிராம அ-பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். 30 வருஷ வில்லங்கத்தில் இது தெரியாது. என் ஏக்கருக்கே நான் பார்க்கவில்லை. இந்த வாரம் போய்ப் பார்க்கிறேன்.


கல்மண்டபம் அக்கா

மணலி ஐயா, கயிறு கட்டி அளக்கச் சொன்னது நல்ல யோசனைதான், நானும் என் கிணற்றில் செய்யப் போகிறேன். ஆனால் அந்தப் பெரியம்மா, உன் போரால்தான் வற்றியது என்று சொல்லவில்லையே. தன் கிணறு கதையில் எங்கே வருகிறது என்று கேட்டார். அளவு எப்படி வந்தாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கும்.

அத்திப்பட்டு தம்பி, அடித்த வரிக்குப் பதில் அந்தக் கூடை எத்தனை கிலோ என்று கேட்டு எழுதுங்கள். கட்டு என்ன விலைக்குப் போகிறது, வண்டிச் சீசன் டிக்கெட் எவ்வளவு, அதையும் எழுதுங்கள்.


கொருக்குப்பேட்டைக்காரன்

எல்லோருடையதையும் இரண்டு தடவை படித்தேன். பெரம்பூர் தம்பி எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

மணலி ஐயா, எந்த அடியில் என்ன மண் வந்தது என்று என் நோட்டில் இருக்கிறது. 60 அடி வரை மணல், அப்புறம் ஒரு பத்தடி களி, மறுபடி மணல். அந்தக் களி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் அளக்கிறேன். ஆனால் அக்கா சொன்னது சரி, அத்தியாயத்தை அதற்காகக் காத்திருக்க வைக்கப் போவதில்லை.

நேற்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. ஏழு வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். பெரியம்மாவின் கிணறு எத்தனை அடி, எந்த வருஷம் தோண்டியது, யார் தோண்டியது, உறை எத்தனை, எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் போருக்கு ஒவ்வொரு அடிக்கும் கணக்கு வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை வாசிக்க இல்லை, கேட்டு எழுத. அன்றைக்குப் பொய் சொன்னேன் என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். கடலை முடிந்துவிட்டது, அவர் இப்போது நாற்றங்காலுக்குச் சேடை ஓட்டிக்கொண்டிருப்பார். வரப்பில் நின்றுதான் பேச வேண்டியிருக்கும்.